உருளைக்குப் பெயின்ட் அடித்த ஆயுத பூஜை

சென்ற மாதம் அணை ஒர்க்‌ஷாப்பிலிருந்து இரண்டு பையன்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். பையன்கள் என்று நான்தான் சொல்கிறேன். இருவருக்கும் தலையில் முடி குறைந்துவிட்டது. படகை ஏற்றி இறக்கப் புதிதாக ஒரு டிரெய்லர் வந்திருக்கிறதாம். உருளையெல்லாம் நைலான். கம்பிக் கயிறு சுற்ற மோட்டார். பட்டனை அமுக்கினால் படகு தானாக ஏறி உட்கார்ந்துகொள்ளும் என்றார்கள்.

"மொத மொத வண்டி செஞ்சவங்கள்ல நீங்க ஒருத்தர்தாங்க ஐயா இருக்கறீங்க. பூஜை மலருக்கு நாலு பக்கம் எழுதிக் குடுங்க."

"செஞ்ச வேலைய எழுதினா நாலு பக்கம் வராதுப்பா. செஞ்ச தப்ப எழுதினா பத்து பக்கம் வரும்."

"அதையே எழுதுங்க" என்றான் இருவரில் கெட்டிக்காரன். அதனால் எழுதுகிறேன்.

நான் ஓசூர் பக்கத்துப் பேரிகை ஊர்க்காரன். பெயர் கோவிந்தன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, பெங்களூரில் ஒரு லாரி ரிப்பேர் கடையில் பத்து வருடம் கிடந்தேன். அங்கே நான் கற்றது இரண்டுதான்: பேரிங்குக்குக் கிரீஸ் வைப்பதும் கன்னடம் பேசுவதும். இரண்டும் பிறகு சோறு போட்டன. கிருஷ்ணகிரிப் பக்கம் தென்பெண்ணையில் அணை கட்டுகிறார்கள், ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன். ஃபிட்டராக எடுத்துக்கொண்டார்கள். தற்காலிகம்தான். நாளைக்கு வராதே என்றால் வரக்கூடாது. ஐம்பதுகளின் நடுவில் அது. ஓசூரில் அப்போது ஒரு கம்பெனியும் கிடையாது. கைத்தொழில் தெரிந்தவனுக்கு பெங்களூர், இல்லாவிட்டால் அணை.

எங்கள் ஃபோர்மேன் மாதவராவ். மைசூர் பக்கத்து மனிதர். ஒல்லி உடம்பு, கறுப்புத் தொப்பி, கோட்டுப் பையில் எப்போதும் ஒரு சாக்பீஸ். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அவருக்கு மனசு குளிர்ந்தால் கன்னடம் வரும். கோபம் வந்தால் சுத்தமான தமிழ் வரும். அதனால் ஒர்க்‌ஷாப்பில் அவர் தமிழில் ஆரம்பித்தாலே நாங்கள் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிடுவோம்.

அணையில் தண்ணீர் நிற்க ஆரம்பித்ததும் ஒரு படகு தேவைப்பட்டது. ஆழம் அளக்க வேண்டும், ஷட்டர்களை முன்பக்கமிருந்து பார்க்க வேண்டும். இரும்புத் தகட்டில் பதினெட்டு அடிப் படகு ஒன்று வந்து சேர்ந்தது. கூடவே சீமெண்ணெயில் ஓடும் சின்ன மோட்டார். அதை ஏற்றிப் போக, பெங்களூரில் கழித்துப் போட்ட மிலிட்டரி டிரெய்லர் ஒன்றின் அச்சை வாங்கி வந்து, மேலே இரண்டு மரக்கட்டைகளைப் போட்டு வண்டி என்று பெயர் வைத்தோம்.

முதல் நாள் கூத்தை எப்படிச் சொல்வேன். பதினாறு பேர். ஜீப்பை ரிவர்சில் விட்டு, புகைக்குழாய் தண்ணீருக்குள் குடகுடவென்று சத்தம் போடும்வரை இறக்கினோம். படகு மிதந்தது. மிதந்ததுமே காற்று வந்து அதைத் திருப்பிவிட்டது. ஒரு பக்கம் மிதக்க, மறுபக்கம் வண்டிச் சட்டத்துக்கு அடியில் மாட்டிக்கொண்டது. இரண்டு மணி நேரம் இழுத்தோம். என் கால் கட்டைவிரல் நகம் அன்றைக்குப் போனதுதான். பிறகு முளைத்தது கோணலாகவே முளைத்தது.

மாதவராவ் திட்டவில்லை. கரையில் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, "இன்னொரு தடவ இறக்குங்க" என்றார். மறுநாளும் இறக்கச் சொன்னார். மூன்றாம் நாள் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி: "உனக்கு எங்கே வலிச்சுது?"

சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. ஒவ்வொருவரும் சொன்னதையும் தகட்டின்மேல் சாக்பீசால் எழுதிக்கொண்டார். நான் கால் விரலைக் காட்டினேன். பாரம் தூக்கும் கலாசி வெங்கடப்பன் இடுப்பைத் தொட்டுக் காட்டினான். ஜீப் டிரைவர், "எனக்கு வலியெல்லாம் இல்லீங்க. வண்டி தண்ணிக்குள்ள போயிட்டா எங்க இருக்குன்னே தெரியல, அதான் பயம்" என்றார். அதையும் எழுதிக்கொண்டார்.

அந்தப் பட்டியலிலிருந்துதான் எங்கள் வண்டி பிறந்தது. டிரைவரின் பயத்துக்கு, வண்டியின் பின்மூலைகளில் ஆளுயர மூங்கில் இரண்டு, நுனியில் சிவப்புத் துணி. வண்டி முழுகினாலும் மூங்கில் தெரியும். படகும் அந்த இரண்டுக்கும் நடுவில் நேராகப் போகும், நேராக வரும். ஜீப் தண்ணீருக்குள் போக வேண்டியதில்லை என்று வண்டியை ஜீப்போடு இணைக்கும் இழுவைக் குழாயை ஏழு அடி நீட்டினோம். வெங்கடப்பன் இடுப்புக்காக, படகின் அடிவயிறு உட்காரும் நடுச்சட்டத்தில் ஐந்து உருளை. வேலமரத்தை நானே கடைசல் பிடித்து, மேலே பழைய டயர் ரப்பரைச் சுற்றி, இரும்புப் பின்னில் கோத்தேன். பக்கங்களில் படகைத் தாங்கப் பலகை, பலகையின்மேல் விளக்கெண்ணெயில் ஊறப்போட்ட கோணிச்சாக்கு. முன்னால் கைப்பிடி போட்ட ஒரு வின்ச். கம்பிக் கயிற்றைச் சுற்றிப் படகை மேலே இழுக்க.

இன்னொரு விதியும் போட்டார். ஓடி வந்த வண்டியின் அச்சு சூடாக இருக்கும். சூட்டோடு தண்ணீரில் இறக்கினால் உள்ளே இருக்கிற காற்று சுருங்கித் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், பேரிங் போய்விடும். அதனால் கரைக்கு வந்ததும் ஒரு பீடி நேரம் நிற்க வேண்டும். கடிகாரம் வேண்டாம், வெங்கடப்பன் பீடிதான் கணக்கு. அவன் பற்றவைப்பான், நாங்கள் கட்டை அவிழ்ப்போம், அவன் பீடித் துண்டை எறிந்ததும் வண்டி இறங்கும்.

பதினாறு பேர் வேலையை நாலு பேர் கால் மணியில் முடித்தோம். ஆரம்பத்திலேயே இப்படிச் செய்திருந்தால் என் நகம் மிஞ்சியிருக்கும் என்றேன். "உன் நகம் போனதாலேதானே அப்பா உருளை வந்தது" என்றார் மாதவராவ், கன்னடத்தில்.

வெங்கடப்பனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ். அவனுடைய ஊர் அணை நீரில் முழுகிய ஊர். குடும்பத்தைக் குருபரப்பள்ளிப் பக்கம் குடிவைத்துவிட்டு, அந்த ஊரை முழுக்கிய அணைக்கே கூலிக்கு வந்தவன். என்னைவிட நாலு வயது சின்னவன், என்னை அண்ணா என்பான். ஊர் போனாலும் அவர்களுடைய மேட்டுக்கொல்லை நிலம் மட்டும் இன்னும் தண்ணீருக்கு வெளியே இருந்தது. இந்த வருடம் அவ்வளவு தூரம் தண்ணீர் ஏறாது என்று எல்லோரும் சொன்னார்கள். அவன் அப்பா அதை நம்பி நிலக்கடலை போட்டிருந்தார்.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு முதல் நாள், நான் வண்டியைச் சிங்காரித்தேன். நம் பக்கத்தில் பூஜை என்றால் என்ன செய்வோம்? சீமெண்ணெய் போட்டுத் துடைப்போம், ஒரு சொட்டு அழுக்கு இருக்கவிடமாட்டோம், பிறகு பெயின்ட். நானும் அப்படியே செய்தேன். உருளையில் ஒட்டியிருந்த கிரீசைச் சுரண்டி எடுத்தேன். எண்ணெய்ச் சாக்கு நாறுகிறது என்று பிய்த்துப் போட்டேன். பலகைக்குப் பச்சை, சட்டத்துக்குக் கறுப்பு, உருளைக்கும் பின்னுக்கும் நல்ல சிவப்பு. தங்கச்சியைப் பொண்ணு பார்க்க வருகிற மாதிரி அலங்காரம். முடித்துவிட்டு வாழைக்கன்று வாங்கச் சந்தைக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலையில் மூங்கிலுக்கு ஒன்றாக இரண்டு வாழை, ஜீப்புக்கு இரண்டு வாழை கட்டி, சந்தனம் தெளித்து, எலுமிச்சை நசுக்கி, பூசணிக்காய் உடைத்தோம். மாதவராவ் சூடம் காட்டினார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, "சென்னாகிதே" என்றார். நன்றாக இருக்கிறது என்று அவர் வாயிலிருந்து வருவது லேசுப்பட்டதல்ல. அன்றைக்கு எனக்குக் கால் தரையில் இல்லை.

பொரி தின்றுகொண்டிருந்தபோது சைக்கிளில் ஒருவர் மூச்சிரைக்க வந்தார். ஆற்றின் மேல்பக்கம் பெய்த மழையில் இரவு ஆற்றில் தண்ணீர் அதிகம் வந்துவிட்டது. மேட்டுக்கொல்லையைச் சுற்றித் தண்ணீர். முந்தின நாள் கடலை பிடுங்கப் போன வெங்கடப்பனின் அப்பா, அவன் மனைவி லட்சுமம்மா, மூன்று வயதுப் பெண் குழந்தை மூவரும் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். பரிசல்காரர் ஒருவர் போய்ப் பார்த்திருக்கிறார். முழுகிய முள்மரங்களுக்கு நடுவில் நீர் சுழற்றியடித்ததில் அவர் திரும்பி வந்ததே பெரிது. மேடு குறைந்துகொண்டே வருகிறது என்றார் சைக்கிளில் வந்தவர்.

வெங்கடப்பன் கையிலிருந்த பொரி அப்படியே இருந்தது.

அணையில் ஷட்டர்களைத் திறந்துவிட்டிருந்தார்கள். அங்கே படகை இறக்கினால் ஷட்டர் இழுத்துவிடும். ஏழு மைல் சுற்றிப் போய்க் கொல்லைக்கு எதிர்க்கரையில்தான் இறக்க வேண்டும். பூஜை போட்ட பொருளை மறுநாள் மறுபூஜை வரைக்கும் தொடக்கூடாது என்பது வழக்கம். யாரோ முணுமுணுத்தார்கள். மாதவராவ் ஜீப்பின் மாலையைத் தானே கழற்றினார்.

"சாமி கும்பிட்டது எதுக்கு? வண்டி நல்லா ஓடணும்னுதானே. ஓட்டுங்க."

வண்டிப்பாதையில் ஜீப் குதித்துக் குதித்துப் போனது. கரையில் நின்றால் மேடு தெரிந்தது. ஒரு குடிசை, அதன் பக்கத்தில் சிவப்புப் புடவை. புடவையின் இடுப்பில் குழந்தை. கீழ்வானம் இருட்டிக்கொண்டு வந்தது. வெங்கடப்பன் நேராகத் தண்ணீருக்குள் ஓடினான். மாதவராவ் அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஒரு பீடி."

"சார், என் கொழந்த அங்க நிக்குது சார்."

"தெரியும். அதுங்க கரைக்கு வந்தா ஆஸ்பத்திரிக்கும் இந்த வண்டிதான் போகணும். பத்த வை. மத்தவங்க கட்டை அவுத்து விடுங்க, மோட்டாரை மாட்டுங்க."

பற்றவைத்தான். வாயில் வைக்கவில்லை. கையிலேயே அது பாட்டுக்கு எரிந்து தீர்ந்தது.

டிரைவர் மூங்கிலைப் பார்த்துக்கொண்டே வண்டியை நேராக இறக்கினார். அது உழுத கொல்லை. ஜீப் சேற்றில் அழுந்த ஆரம்பித்ததும் நிறுத்தச் சொன்னார் மாதவராவ். வண்டிச் சக்கரம் பாதிதான் தண்ணீரில். பரவாயில்லை, உருளை இருக்கிறதே, தள்ளினால் ஓடிவிடும். ஆறு பேர் தள்ளினோம். படகு அசையவில்லை. கரையில் நின்ற ஊர்க்காரர்களும் கைகொடுத்தார்கள். ஒரு அங்குலம்கூட நகரவில்லை.

மாதவராவ் குனிந்து ஒரு உருளையைக் கையால் திருப்பிப் பார்த்தார். திரும்பவில்லை. அடுத்ததும் திரும்பவில்லை. பின்னுக்கும் உருளைக்கும் நடுவில் பெயின்ட் இறங்கி, காய்ந்து, பற்றவைத்த மாதிரி பிடித்திருந்தது. எண்ணெய்ச் சாக்கு இருந்த இடத்தில் வெறும் பச்சைப் பலகை. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அங்கே ஒரு குழந்தை தண்ணீருக்கு நடுவில் நிற்கிறது, இங்கே நான் அலங்காரம் பண்ணி வைத்திருக்கிறேன்.

"யார் செய்தது என்று நான் கேட்கவில்லை" என்றார் சுத்தமான தமிழில். "இப்போது என்ன செய்யலாம்?"

சுத்தியலை எடுத்துக்கொண்டு உருளையைத் தட்ட ஓடினேன். ஓடும்போது காலை எதன்மேலோ வைத்துச் சறுக்கி, முதுகு தரையில் அடிக்க விழுந்தேன். ஜீப்பில் கட்டியிருந்த வாழைக்கன்று ஒன்று சேற்றில் இறங்கும்போது அறுந்து சக்கரத்தில் அரைபட்டுக் கிடந்தது. அதன் பட்டைமேல்தான் காலை வைத்திருந்தேன். விழுந்த இடத்திலேயே கத்தினேன்.

"சார், வாழப்பட்ட. வாழப்பட்ட போடலாம் சார்."

அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பூசணி வெட்டிய அரிவாள் ஜீப்பிலேயே கிடந்தது. மிச்ச மூன்று வாழையையும் சாய்த்து, பட்டை பட்டையாக உரித்தோம். ஒருவர் கடப்பாரை போட்டுப் படகின் மூக்கை நெம்ப, நான் ஒவ்வொரு உருளைமேலும் வழவழப்பான முதுகுப்பக்கம் மேலே வரும்படி பட்டையைச் செருகினேன். பலகைமேலும் வரிசையாகப் போட்டோம். மேலே ஒரு வாளித் தண்ணீர்.

"இப்ப தள்ளுங்க."

சர்ரென்று போனது. அவ்வளவு வேகத்தில் போகும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. வெங்கடப்பன் கயிற்றைப் பிடித்துத் தொங்காவிட்டால் படகு தனியாகவே போயிருக்கும். இரண்டு மூங்கிலுக்கும் நடுவில் நூல் பிடித்த மாதிரி இறங்கியது. அவனும் மோட்டார் ஓட்டுகிறவரும் ஏறிக்கொண்டார்கள்.

அவர்கள் போய் வந்த நேரத்தை என்னால் அளந்து சொல்ல முடியாது. முள்மரங்களைச் சுற்றிச் சுற்றிப் போனார்கள். மேட்டுக்குப் பின்னால் மறைந்தார்கள். நான் வேண்டாத தெய்வமில்லை. மாதவராவ் பையிலிருந்த சாக்பீசை விரலால் நசுக்கிக்கொண்டே நின்றார். கோட்டெல்லாம் வெள்ளைப் பொடி. படகு திரும்பித் தெரிந்தபோது முதலில் பார்த்தது சிவப்புப் புடவையைத்தான். குழந்தை வெங்கடப்பனின் தோளில் இருந்தது. எனக்குக் கண்ணீர் வந்தது. அதைத் துடைக்கவும் தோன்றவில்லை.

அப்பாவுக்கு முழங்கால் வீங்கி நடக்க முடியவில்லை. இடுப்பளவு சேற்றில் அவரை எப்படித் தூக்கி வருவது? "தூக்க வேண்டாம், அப்படியே ஏத்துங்க" என்றார் மாதவராவ். படகின் மூக்கை மூங்கிலுக்கு நடுவில் கொண்டுவந்து, வின்ச் கயிற்றை மாட்டி நான் சுற்றினேன். வாழைப்பட்டைமேல் படகு பெரியவரோடு, குழந்தையோடு, மருமகளோடு மேலே ஏறி உட்கார்ந்தது. ஜீப் இழுத்தது. சந்தனம் தெளித்த வண்டிமேல் அவர் உட்கார்ந்து வந்தது ஏதோ சாமி ஊர்வலம் மாதிரி இருந்தது. மடியில் ஒரு மூட்டை நிலக்கடலை.

"மாமா அந்த மூட்டைய உட்டுட்டு வரமாட்டேன்னுட்டாரு" என்றாள் லட்சுமம்மா, அழுகையும் சிரிப்புமாக.

"கல்லக்கா நனஞ்சா மொளச்சிடும். மொதல்ல எதனா எடுத்து மூடுங்கய்யா" என்றார் பெரியவர். எங்களுக்கு அவர் சொன்ன நன்றி அவ்வளவுதான்.

மறுநாள் விஜயதசமி. மறுபூஜைக்குக்கூட நிற்காமல், விடிந்ததும் உருளைகளைக் கழற்றிப் பெயின்ட் சுரண்ட உட்கார்ந்தேன். வெங்கடப்பன் வந்து பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு உருளையை எடுத்துக்கொண்டான். ராத்திரி முழுக்க நான் தூங்கவில்லை. வேலை போனாலும் சரி, இவனிடம் சொல்லாமல் இருக்க முடியாது என்று முடிவு செய்திருந்தேன்.

"வெங்கடப்பா, இந்தப் பெயின்ட் அடிச்சது நான்தான். அங்க நின்ன உன் கொழந்தைக்கு நேத்து நான் எமனா இருந்திருப்பேன்."

அவன் சுரண்டுவதை நிறுத்தவில்லை. தலையையும் தூக்கவில்லை.

"நீ அடிச்சது ஒரு கோட்டுண்ணா. நீ சந்தைக்குப் போனப்புறம் பின்னாண்ட திட்டுத் திட்டா தெரிஞ்சுது. மிச்சம் இருந்த பெயின்ட்ல கொஞ்சம் சந்துல ஊத்தி ரெண்டாவது கோட்டு அடிச்சது நானு. நேத்து உருள திரும்பலன்னதும் நெஞ்சே நின்னுடுச்சு. என் புள்ளைய நானே கொன்னுட்டேன்னு நெனச்சேன்."

இரண்டு பேரும் சுரண்டிக்கொண்டிருந்தோம். மாதவராவ் எப்போது வந்து பின்னால் நின்றார் என்று தெரியாது. கையில் ஒரு தாளும் பேனாவும்.

"நேத்து சூடம் காட்டினப்ப நான் என்ன சொன்னேன், கோவிந்தா?"

"சென்னாகிதேன்னு சொன்னீங்க சார்."

"கண்ணால பாத்துச் சொன்னேன். கையால உருட்டிப் பாக்கல." தாளை என்னிடம் நீட்டினார். "எழுது."

அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். படகு வண்டியின் உருளைக்கும் பின்னுக்கும் எக்காரணம் கொண்டும் பெயின்ட் அடிக்கக் கூடாது. பலகையின் எண்ணெய்ச் சாக்கைக் கழற்றக் கூடாது. பூஜையன்று சந்தனம், குங்குமம் சட்டத்தில் மட்டும் வைக்க வேண்டும். சூடம் காட்டும் முன் ஐந்து உருளைகளையும் கையால் உருட்டிப் பார்க்க வேண்டும். கீழே அவர் முதலில் கையெழுத்துப் போட்டார். என்னைப் போடச் சொன்னார். வெங்கடப்பனுக்கு எழுத வராது. லீவு நாள், ஆபீஸ் பூட்டியிருந்தது, மைப்பெட்டி உள்ளே. மாதவராவ் சுற்றுமுற்றும் பார்த்தார். சிவப்புப் பெயின்ட் டப்பாவின் மூடியைத் திறந்து அவன் முன்னால் வைத்தார்.

வெங்கடப்பன் கட்டைவிரலை அதில் தோய்த்து என் பெயருக்குக் கீழே அழுத்தினான்.

"ஈக சரியாயித்து" என்றார் மாதவராவ். இப்போது சரியாகிவிட்டது என்று அர்த்தம். கன்னடம் வந்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது.

அடுத்த வருடம் என்னை நிரந்தரமாக்கினார்கள். சிபாரிசு யாருடையது என்று நான் யாரிடமும் விசாரிக்கவில்லை. விசாரிக்கிற அளவுக்கு நான் முட்டாள் இல்லை. வெங்கடப்பன் பிறகு முப்பது வருடம் என்னோடு வேலை பார்த்தான். ஒவ்வொரு பூஜைக்கும் நான் மூன்று உருளையை உருட்ட, அவன் இரண்டை உருட்டுவான், அதற்கப்புறம்தான் சூடம். ஒருநாளும் அந்தப் பெயின்ட்டைப் பற்றி ஒருவரையொருவர் குத்திக்காட்டியதில்லை. அவன் பெண்ணின் கல்யாணத்தில் பந்தல் வாழைமரத்தைக் காட்டி, "அண்ணா, பட்ட வேணுமா?" என்று கேட்டான், அவ்வளவுதான்.

ரிட்டயர் ஆனபோது ஒர்க்‌ஷாப் சுவரிலிருந்த அந்தத் தாளை எனக்கே கொடுத்துவிட்டார்கள். போன வாரம் மலருக்காக எடுத்துப் பார்த்தேன். மாதவராவின் கையெழுத்து அநேகமாகப் போய்விட்டது. என் பெயரில் முதல் இரண்டு எழுத்துத்தான் தெரிகிறது. வெங்கடப்பனின் கட்டைவிரல் மட்டும் ஒரு ரேகை குறையாமல் அன்றைக்கு வைத்த சிவப்பாகவே இருக்கிறது.

நல்ல பெயின்ட்தான் வாங்கியிருக்கிறேன்.